பத்திரமும் வில்லங்கமும்: இளம் அமெரிக்கா கண்டம் முழுக்கப் பரவிய கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்க வரலாறு என்று நம்மில் பலர் படித்தது பாஸ்டன் தேநீர்க் கலகம், 1776, வாஷிங்டன். அங்கிருந்து ஒரே தாவாக லிங்கன். நடுவில் இருக்கிற எழுபது எண்பது ஆண்டுகள் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியோடு முடிந்துவிடும். அட்லாண்டிக் கரையை ஒட்டிக் கிடந்த 13 மாநிலங்கள் பசிபிக் வரை போய் முட்டியது அந்த இடைவெளியில்தான். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நிலம் வாங்கப் போகிற ஆள் விசாரிப்பதைப் போலவே இந்தக் கதையை நான் பார்ப்பது வழக்கம்: விற்றவர் யார், பத்திரம் யார் பேரில், வில்லங்கம் ஏதும் உண்டா.

1783-இல் அமெரிக்கா எவ்வளவு பெரியது?

அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி கிழக்கே அட்லாண்டிக், மேற்கே மிசிசிப்பி ஆறு, வடக்கே பேரேரிகள், தெற்கே 31-ஆம் அட்சக்கோடு. ஏறக்குறைய 8.9 லட்சம் சதுர மைல். காகிதத்தில்தான் அவ்வளவும். டெட்ராய்ட், நயாகரா போன்ற கோட்டைகளை பிரிட்டிஷ் படை 1796 வரை காலி செய்யவே இல்லை. ஃபுளோரிடாவும் மிசிசிப்பிக்கு மேற்கே உள்ளதும் ஸ்பெயின் கையில்.

அப்பலாச்சியன் மலைகளைத் தாண்டினால் பெரும்பாலும் பூர்வகுடிகளின் ஊர்கள். பாரிஸ் பேச்சுக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் குடியிருந்த நிலத்தை லண்டன் எழுதிக் கொடுத்தது, அமெரிக்கா வாங்கிக்கொண்டது. 1790-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் 39 லட்சம் பேர். அவர்களில் ஏழு லட்சம் பேர் அடிமைகள். பூர்வகுடிகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

மலைகளுக்கு மேற்கே உள்ள நிலம் எந்த மாநிலத்துக்கு என்ற சண்டை வரவில்லையா?

வராமல் இருக்குமா? மன்னர் காலத்துச் சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு வர்ஜீனியா பாதி கண்டத்தையே தன்னது என்றது. நியூயார்க், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் ஆகியவையும் ஆளுக்கொரு துண்டைக் கேட்டன. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினார்கள்.

அப்படிக் கேட்க ஒன்றும் இல்லாத சிறிய மாநிலம் மேரிலாந்து. அதன் பயம் நியாயமானது. வர்ஜீனியா மேற்கு நிலத்தை விற்றே கஜானாவை நிரப்பிவிட்டால் அங்கே வரி குறையும். மேரிலாந்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். அதனால், மேற்கு நிலத்தைப் பொதுவில் விட்டால்தான், 13 மாநிலங்களையும் சேர்த்துக் கட்டும் முதல் அரசியல் சாசனமான கூட்டமைப்பு விதிகளில் கையெழுத்திடுவோம் என்று மேரிலாந்து பிடிவாதமாக நின்றது. கடைசியில் வர்ஜீனியா இறங்கி வந்தது. 1781 மார்ச்சில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1784-இல் ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தை வர்ஜீனியா காங்கிரசிடம் ஒப்படைத்தது. (காங்கிரஸ் என்றால் அவர்களுடைய நாடாளுமன்றம். நம் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அந்தக் காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. போரில் பட்ட கடன் கழுத்தை நெரிக்கிறது, சிப்பாய்களுக்குச் சம்பளம் பாக்கி. அந்த நேரத்தில் விற்கக் கையில் வந்த ஒரே சரக்கு நிலம்.

அந்த நிலத்தைத் தங்கள் காலனியாக வைத்துக்கொள்ளாமல் ஏன் மாநிலமாக்கினார்கள்?

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் ஆணிவேர் இந்தக் கேள்விதான். காலனியாக இருந்து அடிபட்டவர்களுக்கு மேற்கே குடியேறுகிறவர்களை அதே மாதிரி நடத்தினால் என்ன ஆகும் என்று தெரியும்: பத்து இருபது ஆண்டில் அவர்களும் துப்பாக்கி தூக்குவார்கள், இல்லை ஸ்பெயினோடு போய்ச் சேர்ந்துகொள்வார்கள்.

1784-இல், பின்னால் ஜனாதிபதியான வர்ஜீனியாக்காரர் ஜெஃபர்சன் ஒரு திட்டம் தந்தார். மேற்கைப் பல மாநிலங்களாகப் பிரித்து, பழைய 13 மாநிலங்களுக்குச் சமமான உரிமையோடு சேர்க்கலாம் என்பது அதன் சாரம். மாநிலங்களுக்கு அவர் யோசித்து வைத்த பெயர்கள் மெட்ரோபொடேமியா, அசெனிசிபியா, பாலிபொடேமியா. நல்லவேளை, தப்பித்தார்கள். 1800-க்குப் பிறகு அந்தப் பகுதிகளில் அடிமைமுறை கூடாது என்றும் அதில் ஒரு பிரிவு இருந்தது. ஒரே ஒரு ஓட்டுக் குறைவால் அது தோற்றது. அந்த ஓட்டைப் போட்டிருக்க வேண்டிய நியூஜெர்சி உறுப்பினர் அன்று உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார்.

1787 ஜூலை 13-இல் வந்த வடமேற்குக் கட்டளைச் சட்டம் இதைக் கறாராக எழுதியது. முதலில் மேலிருந்து நியமித்த ஆளுநர் ஆட்சி. வாக்குரிமைக்குரிய வயது வந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் சொந்த சட்டசபை. சுதந்திர மக்கள் 60,000 பேர் ஆனதும் மாநிலத் தகுதி கேட்கலாம். கிடைத்தால் பழைய மாநிலங்களுக்கு எந்த விதத்திலும் குறைவில்லாத சம அந்தஸ்து. ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறை கிடையாது. அந்தப் பரப்பிலிருந்து பின்னால் ஒஹையோ (1803), இந்தியானா (1816), இல்லினாய் (1818), மிச்சிகன் (1837), விஸ்கான்சின் (1848) பிறந்தன.

தெற்கே கதை வேறு. கெண்டக்கி (1792), டென்னசி (1796) இரண்டும் அடிமைகளோடேயே உள்ளே வந்தன. ஆக, ஒஹையோ ஆறே ஒரு கோடாகிவிட்டது. ஒரு கரையில் ஒரு மனிதன் இன்னொருவனின் சொத்து. அக்கரையில் சட்டப்படி அப்படி இல்லை. தப்பி ஓடிவந்த அடிமையைப் பிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்று அந்த 1787 சட்டத்திலேயே ஒரு வரி இருந்ததையும் மறந்துவிடக் கூடாது.

நிலத்தை எப்படி அளந்து விற்றார்கள்?

சங்கிலி போட்டுத்தான். பழைய மாநிலங்களில் எல்லை என்பது 'அந்த ஓக் மரத்திலிருந்து இந்த ஓடை வளைவு வரை' என்று எழுதப்பட்டிருக்கும். மரம் விழுந்தால் வழக்கு நிற்கும். 1785-இல் வந்த நிலச் சட்டம் இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது. அளந்த பிறகுதான் விற்பனை, எல்லாம் சதுரம்.

66 அடி நீளச் சங்கிலி, அதில் 100 கண்ணிகள். முன்னால் ஒருவர் சங்கிலியை இழுத்துக்கொண்டு போவார், பின்னால் ஒருவர் நுனியைப் பிடித்து நிற்பார், நடுவில் திசைகாட்டியோடு சர்வேயர், மரங்களை வெட்டிப் பாதை திறக்கக் கோடாரிக்காரர்கள். 80 சங்கிலி நடந்தால் ஒரு மைல். பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஊரில் சென்ட் கணக்கில் மனை வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல: 1,000 சதுரக் கண்ணிதான் ஒரு சென்ட்.

ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதில் 36 சதுரங்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16-ஆம் சதுரத்தின் வருமானம் பள்ளிக்கூடத்துக்கு. குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு ஒரு டாலர், குறைந்தபட்சம் முழுச் சதுரம் வாங்க வேண்டும். 640 டாலர் எந்த ஏழை விவசாயியிடம் இருந்தது? வாங்கினவர்கள் பெரும்பாலும் மொத்த வியாபாரிகள். அளவு படிப்படியாகக் குறைந்து, 1820-இல் 80 ஏக்கர், ஏக்கர் ஒன்றே கால் டாலர், ரொக்கம் என்று வந்தபோதுதான் சிறு விவசாயி நேரடியாக வாங்க வழி பிறந்தது. அதுவரை பொறுக்காதவர்கள் காட்டில் புகுந்து குடிசை போட்டுவிட்டு, அப்புறம் பட்டா கேட்டார்கள்.

அளவை தொடங்கியது 1785 செப்டம்பர் 30, ஒஹையோ ஆற்றைப் பென்சில்வேனிய எல்லை தொடும் இடத்தில், தாமஸ் ஹட்சின்ஸ் தலைமையில். கிழக்கு லிவர்பூல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இன்று அதற்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது. சரியான புள்ளி ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அயோவா, இந்தியானா மேலே விமானத்தில் போனால் கீழே தெரியும் கட்டம் போட்ட வயல்களும் மைலுக்கொரு சாலையும் இந்தச் சங்கிலி போட்ட கோடுகள்தான்.

நடுவில் அரசியல் சட்டத்தை ஏன் மாற்றி எழுதினார்கள்?

பழைய கூட்டமைப்பு ஓடவில்லை. வரி இல்லை, படை இல்லை, 13 மாநிலமும் ஒப்புக்கொண்டால்தான் விதியைத் திருத்தலாம். 1786-இல் மாசசூசெட்சில் கடனாளி விவசாயிகள் நீதிமன்றங்களை மறித்துக் கலகம் செய்தபோது மேல்தட்டுக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. மறு ஆண்டு பிலடெல்ஃபியாவில் 55 பேர் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு, கோடை முழுக்கப் பேசினார்கள். செப்டம்பர் 17-இல் 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அங்கே நடந்த பேரங்களில் நம் கதைக்கு இரண்டு முக்கியம். மேலவையான செனட்டில் மாநிலம் பெரிதோ சிறிதோ, ஆளுக்கு இரண்டு இடம். கீழவையில் மக்கள்தொகைப்படி இடம். அதில் ஓர் அடிமைக்கு ஐந்தில் மூன்று கணக்கு. ஓட்டுப் போட முடியாத மனிதனைக் காட்டி அவன் முதலாளி கூடுதல் இடம் வாங்கிக்கொள்ளலாம். இனி புதிதாக ஒரு மாநிலம் வந்தால் செனட்டில் இரண்டு ஓட்டு கூடும். அது யார் பக்கம் விழும் என்ற கேள்வி அன்றே விதைக்கப்பட்டுவிட்டது.

பூர்வகுடிகள் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். 1791 நவம்பர் 4-ஆம் தேதி விடியற்காலை, வாபாஷ் ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்த வடமேற்குப் பகுதி ஆளுநர் சென்ட் கிளேரின் படையை மியாமி, ஷானி முதலிய குடிகளின் கூட்டணி சூழ்ந்துகொண்டது. முன்னின்றவர்கள் லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட். 600-க்கு மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். பூர்வகுடிகளிடம் அமெரிக்கப் படை பட்ட தோல்விகளில் அதைவிடப் பெரியது பின்னாலும் கிடையாது. ஆனாலும் திரைப்படத்தில் வருவது 1876-இல் படைத்தலைவர் கஸ்டர் தோற்றது மட்டும்தான்.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1794-இல் ஜெனரல் வெய்ன் தயாரான படையோடு வந்து ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் ஜெயித்தார். பக்கத்துக் கோட்டையிலிருந்த பிரிட்டிஷார் நண்பர்கள்தான். தோற்று ஓடிவந்தவர்களுக்கு அவர்கள் கதவைத் திறக்கவில்லை. மறு ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் இன்றைய ஒஹையோவின் பெரும்பகுதி கைமாறியது. பூர்வகுடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதமின்றி எடுக்க மாட்டோம் என்று 1787 சட்டத்திலேயே ஒரு வாசகம் உண்டு. சம்மதம் இப்படித்தான் வாங்கப்பட்டது.

லூசியானாவை நெப்போலியன் ஏன் விற்றார்?

இதை நியூ ஆர்லியன்சிலிருந்து தொடங்கினால்தான் புரியும். கெண்டக்கி விவசாயிக்கு மாவு, விஸ்கி, புகையிலை எல்லாம் உண்டு. மலைகளைத் தாண்டிக் கிழக்கே கொண்டுபோனால் வண்டிக்கூலிக்கே கட்டாது. அதனால் தட்டைப் படகு கட்டி, சரக்கை ஏற்றி, ஒஹையோவிலும் மிசிசிப்பியிலும் மிதக்கவிட்டு நியூ ஆர்லியன்ஸ் வருவார். அங்கே கடல்கப்பலுக்கு மாற்ற வேண்டும். நீரோட்டத்துக்கு எதிராகப் படகைத் திரும்ப ஏற்ற முடியாது. படகை உடைத்துப் பலகை விலைக்கு விற்றுவிட்டு, காட்டுப் பாதையில் நூற்றுக்கணக்கான மைல் நடந்தே ஊர் திரும்புவார்.

அந்தத் துறைமுகம் ஸ்பெயினுடையது. சரக்கை இறக்கி வைக்கும் உரிமையை 1795-இல் ஸ்பெயின் தந்திருந்தது. 1802-இல் அங்கிருந்த அதிகாரி ஒருவர் அதை நிறுத்தினார். மேற்கே கொந்தளிப்பு. இதற்குள் ஸ்பெயின் மிசிசிப்பிக்கு மேற்கே பரந்து கிடந்த லூசியானாவை ரகசியமாகப் பிரான்சுக்குக் கொடுத்துவிட்ட செய்தியும் கசிந்திருந்தது. நியூ ஆர்லியன்சையாவது விலைக்குக் கேட்டுப் பாருங்கள் என்று பாரிசில் இருந்த அமெரிக்கத் தூதர் லிவிங்ஸ்டனுக்குச் சொன்ன ஜனாதிபதி ஜெஃபர்சன், துணைக்கு மன்றோவையும் அனுப்பினார்.

நெப்போலியன் மனதில் வேறு கணக்கு. கரும்பு விளையும் செயின்ட் டொமிங்கு தீவு, அதாவது இன்றைய ஹெய்ட்டி, அவருக்குப் பணப்பெட்டி. லூசியானா அந்தத் தீவுக்குச் சாப்பாடு போடும் வயல். தீவின் அடிமைகளோ 1791-இலேயே எழுந்து தங்களை விடுவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மறுபடி அடக்க மைத்துனர் லெக்லெர்க் தலைமையில் பெரும்படை போனது. ஹெய்ட்டிக்காரர்களின் போரும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து அந்தப் படையைத் தின்றுவிட்டன. லெக்லெர்க்கும் காய்ச்சலில் செத்தார். பணப்பெட்டி போனபின் வயல் எதற்கு? பிரிட்டனோடு போர் வேறு வரப்போகிறது. மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அமெரிக்கா இரண்டு மடங்கானதற்கு ஹெய்ட்டியின் அடிமைகளுக்குத்தான் முதல் நன்றி சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஹெய்ட்டியை ஒரு நாடாக அமெரிக்கா அங்கீகரித்ததே 1862-இல்தான்.

விலை எவ்வளவு? அப்படி வாங்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டா?

1.5 கோடி டாலர். ஒப்பந்தத் தேதி 1803 ஏப்ரல் 30. சுமார் 8.28 லட்சம் சதுர மைல். ஏக்கருக்கு மூன்று சென்ட்கூட வரவில்லை. (காசு சென்ட்; நிலச் சென்ட் இல்லை.) பணத்துக்கு ஏற்பாடு செய்ததில் லண்டன் பேரிங் வங்கியும் உண்டு. பிரிட்டனை எதிர்த்துச் சண்டை போட நெப்போலியனுக்கு வேண்டிய காசு பிரிட்டிஷ் வங்கி வழியாகவே போனது.

அதிகாரம் பற்றிக் கேட்டால், ஜெஃபர்சனுக்கே சந்தேகம்தான். அரசியல் சட்டத்தில் எழுதாததை மத்திய அரசு செய்யக் கூடாது என்று ஆயுள் முழுக்கப் பேசியவர். நிலம் வாங்கலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு திருத்தம் கொண்டுவரலாமா என்று வரைவுகூட எழுதினார். நெப்போலியன் மனசு மாறிவிடப்போகிறார், சீக்கிரம் முடியுங்கள் என்று பாரிசிலிருந்து எச்சரிக்கை வந்தது. கொள்கையை மடித்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செனட்டில் 24-க்கு 7.

கைமாறிய காட்சி வேடிக்கையானது. செயின்ட் லூயிஸ் இன்னும் ஸ்பெயினின் நிர்வாகத்தில்தான் இருந்தது. 1804 மார்ச் 9-இல் ஸ்பானியக் கொடி இறங்கியது, பிரெஞ்சுக் கொடி ஏறியது. மறுநாள் அதுவும் இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது. பிரான்சின் சார்பில் ஊரைப் பெற்றுக்கொண்டதும், மறுநாள் அமெரிக்காவின் சார்பில் பெற்றுக்கொண்டதும் ஒரே ஆள்: கேப்டன் ஏமோஸ் ஸ்டாடர்ட். தன்னிடமிருந்து தானே வாங்கிக்கொண்டார்.

வில்லங்கத்துக்கு வருவோம். அந்த 8.28 லட்சம் சதுர மைலில் ஓசேஜ், சூ, பானி முதலிய எத்தனையோ குடிகள் இருந்தன. பிரெஞ்சுக்காரர் கால் பட்டதே சில ஆற்றங்கரைகளில்தான். தாய்ப்பத்திரம் இல்லாத நிலம் அது. அமெரிக்கா வாங்கியது 'வேறு ஐரோப்பிய நாடு இனி இதில் தலையிடாது' என்ற உறுதியை மட்டுமே. நிலத்தைத் துண்டு துண்டாகப் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தோ பேரம் பேசியோ வாங்கும் வேலை அடுத்த பல பத்தாண்டுகள் நடந்தது.

1812 போரில் யார் ஜெயித்தது?

பிரிட்டனோடு அமெரிக்கா நடத்திய போர் அது. எல்லைக்கோடு ஒரு அங்குலம் நகரவில்லை. அமெரிக்கர்கள் கனடாவைப் பிடிக்கப் போய்த் திரும்பினார்கள். பிரிட்டிஷார் 1814 ஆகஸ்டில் வாஷிங்டனுக்குள் புகுந்து ஜனாதிபதி மாளிகையை எரித்தார்கள். டிசம்பர் 24-இல் சமாதானம் கையெழுத்தானது. அந்தச் செய்தி கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே நியூ ஆர்லியன்சில் ஆண்ட்ரூ ஜாக்சன் பெரிய வெற்றி பெற்று நாடறிந்த ஆளாகிவிட்டார். தோற்றவர்கள் பூர்வகுடிகள். எல்லாக் குடிகளையும் ஒரே அணியில் சேர்க்கப் பாடுபட்ட ஷானித் தலைவர் டெக்கம்சே 1813-இல் களத்தில் விழுந்தார். அவருக்குப் பிறகு மிசிசிப்பிக்குக் கிழக்கே அந்த அளவு கூட்டணி எழவில்லை.

ஃபுளோரிடா?

1818-இல் செமினோல் பூர்வகுடிகளைத் துரத்துகிறேன் என்று ஜாக்சன் ஸ்பானிய எல்லைக்குள் புகுந்து கோட்டைகளைப் பிடித்தார். காக்க வழியில்லை என்று புரிந்த ஸ்பெயின் 1819-இல் எழுதிக் கொடுத்தது. அமெரிக்கக் குடிமக்கள் ஸ்பெயின்மேல் வைத்திருந்த பாக்கிகளை 50 லட்சம் டாலர் வரை அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது. அதே ஒப்பந்தத்தில் மேற்கு எல்லை பசிபிக் வரை ஒரு கோடாக வரையப்பட்டது. டெக்சாஸ் அப்போது ஸ்பெயின் பக்கம் போனது. பின்னால் நிறையப் பேர் இதைச் சொல்லிப் புலம்பினார்கள்.

மிசூரி ஒப்பந்தம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1819 முடிவில் 22 மாநிலங்கள். அடிமைமுறை உள்ளவை 11, இல்லாதவை 11. வடக்கே மக்கள் பெருகியதால் கீழவை அவர்கள் கையில். தெற்குக்கு அரண் செனட் ஒன்றுதான். லூசியானா நிலத்திலிருந்து மிசூரி அடிமைகளோடு வாசலில் வந்து நின்றபோது தராசு ஆடியது. படிப்படியாக அடிமைகளை விடுவித்தால்தான் சேர்ப்போம் என்று நியூயார்க் உறுப்பினர் டால்மாட்ஜ் திருத்தம் கொண்டுவர, அவை ரணகளமானது.

1820-இல் பஞ்சாயத்து இப்படி முடிந்தது: மாசசூசெட்சிலிருந்து மெய்னைப் பிரித்துச் சுதந்திர மாநிலமாக்கு, மிசூரி அடிமை மாநிலம், லூசியானா வாங்கலில் மீதி நிலத்தில் 36 பாகை 30 கலைக் கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது. ஓய்வில் இருந்த ஜெஃபர்சன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நடுராத்திரியில் அடிக்கும் தீ மணி போல இது தன்னை எழுப்பிவிட்டது என்றார். எழுதும்போது அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள்.

1793-இல் வந்த பருத்தி கடையும் இயந்திரத்தால் தெற்கே பருத்தி பொன்னாகியிருந்தது. 1790-க்கும் 1860-க்கும் இடையே பத்து லட்சம் பேர் அளவுக்கு அடிமைகள் வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்திலிருந்து அலபாமா, மிசிசிப்பி, லூசியானா பருத்திக் காடுகளுக்கு விற்கப்பட்டோ இழுத்துச் செல்லப்பட்டோ போனார்கள். மேற்கு நோக்கிய குடிபெயர்ச்சி என்றால் திரைப்படங்களில் துணி போர்த்திய வண்டிகள்தான் வரும். விலங்கு பூட்டி நடந்தவர்களும் அதே மேற்குக்குத்தான் போனார்கள்.

இந்தக் காலத்தில் ஓட்டு யாருக்கு இருந்தது?

தொடக்கத்தில் பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை ஆண்களுக்கு. நியூஜெர்சியில் மட்டும் சொத்துள்ள பெண்களும் கறுப்பர்களும் ஓட்டுப் போட்டார்கள். 1807-இல் அதைப் பிடுங்கிவிட்டார்கள். கட்சிகள் கூடாது என்று வாஷிங்டன் நினைத்தார், அவர் அமைச்சரவையிலேயே ஹாமில்டனும் ஜெஃபர்சனும் இரண்டு கட்சிக்கு வித்திட்டார்கள். 1800 தேர்தலில் ஜெஃபர்சனும் அவர் கட்சிக்காரரான ஆரன் பர்ரும் மாநிலங்களின் தேர்வாளர்களிடம் தலா 73 ஓட்டு வாங்கிச் சிக்கிக்கொள்ள, கீழவை 36 முறை ஓட்டெடுத்துத்தான் ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுத்தது. ஆட்சி ரத்தமில்லாமல் எதிர்க்கட்சிக்குப் போனது. அது சின்ன விஷயமில்லை.

மேற்கே புதிதாக வந்த மாநிலங்கள் சொத்துத் தகுதியைப் பெரிதாகக் கேட்கவில்லை. பழைய மாநிலங்களும் மெல்ல விட்டுக்கொடுத்தன. 1828-இல் டென்னசிக்காரரான ஜாக்சன் ஜெயித்தது அந்த அலையில்தான். சாதாரண வெள்ளைக்காரனுக்கு ஓட்டு விரிந்த அதே ஆண்டுகளில் பல மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்களின் ஓட்டு பறிபோனது.

செரோக்கிகளை எப்படி வெளியேற்றினார்கள்?

ஜார்ஜியா பக்கத்துப் பூர்வகுடிகள் செரோக்கிகள். 'நாகரிகம் அடைந்தால் இருக்கலாம்' என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. செய்தார்கள். செக்வோயா என்பவர் தம் மொழிக்குத் தானே ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். 1828-இல் அந்த எழுத்தில் செய்தித்தாள் வந்தது. 1827-இல் சொந்த அரசியல் சட்டம். அதே நேரத்தில் அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது. பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்ப 1830-இல் ஜாக்சன் கொண்டுவந்த வெளியேற்றச் சட்டம் கீழவையில் 102-க்கு 97 என்று நூலிழையில் தேறியது.

ஜார்ஜியா மாநிலம் காத்திருக்கவில்லை. செரோக்கி நிலத்தைத் துண்டு போட்டு 1832-இல் குலுக்கல் சீட்டு நடத்தியது. செரோக்கிகளின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் 1835-இல் வாஷிங்டனில் பேச்சுவார்த்தை முடித்து வீடு திரும்பினால், குலுக்கலில் 'விழுந்தது' என்று வேறொருவர் அவர் வீட்டில் குடியிருக்கிறார். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி டென்னசியில் ஒரு மரக்குடிசைக்குப் போனார்.

உச்சநீதிமன்றம் 1832-இல் செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றது. 'தீர்ப்புச் சொன்னவரே அமல்படுத்தட்டும்' என்று ஜாக்சன் சொன்னதாக ஒரு வசனம் உலாவுகிறது; அவர் அப்படிச் சொன்னதற்கு அன்றைய ஆதாரம் இல்லை. சொல்லவில்லை என்றாலும் நடந்தது அதுதான். 1835 டிசம்பரில் அதிகாரம் இல்லாத ஒரு சிறு குழு நியூ எகோட்டாவில் நிலத்தை எழுதிக் கொடுத்தது. இது எங்கள் ஒப்பந்தமே இல்லை என்று 15,000-க்கு மேற்பட்டோர் பெயரில் மனு போனது. செனட்டில் தேவையான மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஓட்டில் எட்டி ஒப்பந்தம் தேறியது.

1838-இல் படை வந்தது. அடுப்பில் சோறு இருக்க, ஏர் வயலில் நிற்க, ஆட்களை வளைத்து முகாம்களில் அடைத்தார்கள். சுமார் 16,000 பேர். முகாம்களிலும் வழியிலும் 4,000 பேர் அளவில் இறந்ததாகக் கணக்கு. ராசின் மனைவி குவாட்டியும் வழியில் இறந்தார். சோக்டா, கிரீக், சிக்கசா, செமினோல் மக்களுக்கும் அந்தப் பத்தாண்டில் இதே கதி.

டெக்சாஸ் தானாகவே வந்து சேர்ந்ததா?

ஏறக்குறைய. விடுதலை பெற்ற மெக்சிகோ, ஆளில்லாத வடக்கை நிரப்ப அமெரிக்கக் குடியேறிகளை அழைத்தது. வந்தவர்கள் அடிமைகளையும் கூட்டிவந்தார்கள். மெக்சிகோ 1829-இல் அடிமைமுறையை ஒழித்தது. இந்த உரசலும் மைய ஆட்சியை இறுக்கிய மெக்சிகோ ஆட்சியாளர் சாந்தா அன்னாவின் போக்கும் சேர்ந்து 1835-இல் கிளர்ச்சியானது. 1836-இல் கிளர்ச்சிக்காரர்களுக்கு அலாமோவில் தோல்வி, சான் ஹசிந்தோவில் வெற்றி. ஒன்பது ஆண்டுகள் தனி நாடு. சேர்த்துக்கொண்டால் தராசு சாயும் என்று வாஷிங்டன் தயங்கியது. 1845 டிசம்பரில் சேர்த்துக்கொண்டது.

மெக்சிகோ போர் நியாயமானதா?

அன்றைக்கே கேட்டார்கள். எல்லை நியூசெஸ் ஆறா, அதற்குத் தெற்கே உள்ள ரியோ கிராண்டியா என்பது தகராறு. ஜனாதிபதி போல்க் அந்த இடைப்பட்ட நிலத்துக்குப் படை அனுப்பினார், மோதல் வந்தது, அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்திவிட்டது என்று 1846 மே மாதம் போர் அறிவித்தார்கள். அந்த ரத்தம் சிந்திய இடத்தைக் காட்டுங்கள் என்று காங்கிரசில் கேட்ட புது உறுப்பினர் இல்லினாய்க்காரர் ஆபிரகாம் லிங்கன். என் கணிப்பில் அவர் கேட்டதில் தப்பில்லை.

மெக்சிகோ நகரத்தைப் பிடித்த பிறகு, 1848 பிப்ரவரி 2-இல் குவாதலூப்பே இடால்கோ ஒப்பந்தம். கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ என்று இன்று சொல்லும் நிலத்தின் பெரும்பகுதி 1.5 கோடி டாலருக்கு வந்தது. லூசியானாவுக்குக் கொடுத்த அதே தொகை, ஆனால் இது துப்பாக்கியை நெற்றியில் வைத்துப் பேசிய விலை. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் கலிபோர்னியாவில் ஒரு மரம் அறுக்கும் ஆலையின் கால்வாயில் தங்கம் மின்னியிருந்தது. கையெழுத்திட்ட இரு தரப்புக்கும் தெரியாது.

மெக்சிக நிலப் பட்டாக்களைக் காப்போம் என்ற ஒரு பிரிவை செனட் அடித்துவிட்டது. 1851-இல் கலிபோர்னியாவின் பழைய நிலக்காரர்கள் எல்லோரும் ஆணையத்தின் முன் பத்திரம் காட்டி உரிமையை நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நிரூபித்தவர்களிலும் பலர் வக்கீல் கட்டணத்துக்கே நிலத்தை விற்றார்கள். இவர்களிடம் மட்டும் தாய்ப்பத்திரம் கேட்கப்பட்டது.

ஆரெகன் எல்லை மட்டும் எப்படிச் சண்டையில்லாமல் முடிந்தது?

பசிபிக் கரையின் வடபகுதியான ஆரெகனில் எதிரே இருந்தது பிரிட்டன். 1846-இல் 49-ஆம் அட்சக்கோட்டில் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1853-இல் மெக்சிகோவிடம் ரயில் பாதைக்காக ஒரு கோடி டாலருக்கு ஒரு துண்டு வாங்கியதோடு இன்றைய ஒட்டுமொத்த எல்லை முழுமையானது. அலாஸ்காவும் ஹவாயும் பின்னால்.

நம் பக்கம் இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா?

இரண்டு பேர் உண்டு. 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற கார்ன்வாலிஸ் ஐந்து ஆண்டில் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து திப்புவோடு போரிட்டார். அவர் சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார்க்டவுனில் அவரோடு சிறைப்பட்ட இளம் அதிகாரி வில்லியம் லாம்டன். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு இந்திய முக்கோண அளவையின் அடிக்கோட்டை அளந்தவர் அவர்தான்.

இவ்வளவு சமமாக மாநிலங்களைச் சேர்த்தவர்களுக்கு உள்நாட்டுப் போர் ஏன் வந்தது?

சமமாகச் சேர்த்ததாலேயே என்பேன். காலனியாக வைத்திருந்தால் அங்கே அடிமைமுறை உண்டா இல்லையா என்பது தலைநகரின் உத்தரவோடு போயிருக்கும். சம அந்தஸ்து என்பதால் ஒவ்வொரு புது மாநிலமும் செனட்டில் இரண்டு ஓட்டு, ஜனாதிபதி தேர்தலில் சில ஓட்டு. மெக்சிகோ நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற வில்மட் தீர்மானம் கீழவையில் ஜெயித்து செனட்டில் தோற்றது. 1850-இல் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாக வந்தபோது தராசு ஒரேயடியாக வடக்கே சாய்ந்தது. ஈடாகத் தெற்குக்குக் கிடைத்தது, தப்பிய அடிமைகளைப் பிடிக்கும் கடுமையான சட்டம். 1854-இல் கன்சாஸ், நெப்ராஸ்காவில் குடியேறிகளே முடிவு செய்யட்டும் என்று மிசூரி ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோட்டை அழித்தார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் துப்பாக்கியோடு கன்சாசில் குடியேறினார்கள். பெரிய போருக்கு ஏழு ஆண்டு முன்பே அங்கே சின்னப் போர் தொடங்கிவிட்டது.

60,000 பேர் சேர்ந்தால் மாநிலம் என்ற கணக்கு எல்லா இடத்திலும் நடந்ததா?

இல்லை. 60,000 என்பது வடமேற்குக்கு எழுதியது. மற்ற இடங்களில் காங்கிரசின் மனசுதான் சட்டம். நெவாடாவில் அந்த அளவு ஆளே இல்லாதபோதும் 1864-இல் லிங்கனுக்கு ஓட்டு வேண்டியிருந்ததால் அவசரமாகச் சேர்த்தார்கள். பலதார மணத் தகராறால் யூட்டா 1896 வரை நின்றது. ஸ்பானிய மொழி பேசும் கத்தோலிக்கர் நிறைந்த நியூ மெக்சிகோ 1850-இல் ஆட்சிப் பகுதியாகி, 62 ஆண்டு காத்திருந்து 1912-இல் உள்ளே வந்தது. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து கைமாறிய போர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கு மேல் மக்கள். அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். தீவில் இருக்கும்வரை ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு இல்லை, செனட்டில் இடமும் இல்லை.